முற்றத்தில் ஒரு சயாம் மண்டபம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் தாண்டி அலவத்துகொடப் பக்கம் வருகிறவர்கள், இருபுறச் சரிவுகளிலும் ஏறிநிற்கும் வீட்டுத் தோட்டங்களைக் காணாமல் போக முடியாது. பலாவும் கமுகும் கராம்பும் சாதிக்காயும் மிளகுக்கொடி சுற்றிய மரங்களும் ஒன்றன் நிழலில் ஒன்றாக நெருங்கி வளர்ந்திருக்க, வீட்டின் முன்னே ஒரு சிறு முற்றம் மட்டும் வானத்துக்குத் திறந்திருக்கும். அந்த முற்றத்தில் நான்கு தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கூரையை ஏற்றி, சுவர் எதுவும் வைக்காமல், மாலை வேளையில் குடும்பத்தோடு அமர்ந்து தேநீர் அருந்தவும், மழை கொட்டும்போது நனையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஓர் இடம் அமைக்க வேண்டும் என்னும் ஆசை வசதி வந்த குடும்பத்தலைவர் பலருக்கு உண்டாவது இயல்பு. அந்த ஆசைக்கு உருவம் தேடுகிறவர்களில் சிலர், தாய்லாந்துக்குப் போய்வந்த ஞாபகத்தாலோ, ஹோட்டல் பூங்காக்களில் கண்ட காட்சியாலோ, அந்நாட்டார் ‘சாலா’ என்று வழங்கும் மரமண்டபத்தை விரும்புகிறார்கள். அந்த மண்டபம் எத்தகையது, அதை நமது மலைநாட்டு மண்ணில் நிறுவுவது எங்ஙனம், அப்படியே கப்பலில் வரவழைப்பதுதான் உசிதமா என்பதையெல்லாம் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னரே யோசித்துவிடுவது நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சயாம் தேசத்தில் சாலா என்பது தனவந்தரின் தோட்டத்து அலங்காரமாகப் பிறந்ததன்று. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்குவதற்காக வீதியோரத்திலும், படகுக்குக் காத்திருப்பவன் அமர்வதற்காக ஆற்றுத் துறையிலும், தர்மோபதேசம் கேட்கவும் அன்னம் அருந்தவும் ஊரார் கூடுவதற்காக விகாரையின் வளவிலும் எழுந்த பொதுக்கட்டடம் அது. அதைக் கட்டுவிப்பவனுக்குப் புண்ணியம் சேரும் என்ற நம்பிக்கையே அதன் அஸ்திவாரம் என்று சொல்லலாம். அரசர்கள் அதே வடிவத்தை எடுத்துத் தடாகங்களின் நடுவிலும் அரண்மனைப் பூங்காக்களிலும் பொன்பூச்சோடு நிர்மாணித்தபோதுதான் அது இன்று நாம் படங்களில் காணும் ஆடம்பர ரூபத்தை அடைந்தது. எனவே வீட்டு முற்றத்துக்கு ஏற்றது எது என்று கேட்டால், அரசனுடைய சாலாவைவிட வழிப்போக்கனுடைய சாலாவே ஏற்றது என்பது என் அபிப்பிராயம். செலவு குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எளிய வடிவத்தில்தான் அந்தத் தச்சுக்கலையின் அறிவு முழுவதும் மறைவின்றித் தெரிகிறது.

அந்த அறிவு இரண்டு மூன்று விஷயங்களில் அடங்கியிருக்கிறது. தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம் ஒன்று. வெள்ளமும் ஈரமும் பூச்சிகளும் தளத்தை அணுகாதபடி தூண்கள் அதைத் தூக்கிப் பிடிக்கும். தூண்கள் செங்குத்தாக நில்லாமல் மேலே போகப்போக உள்நோக்கி மிகச் சிறிதளவு சாய்ந்திருக்கும். கண்ணுக்கு அது ஒரு நளினமாகப்படினும், உண்மையில் கூரையின் பாரம் தூண்களை ஒன்றையொன்று நோக்கி நெருக்கி, இளகிய மண்ணிலும் கட்டடம் விரிந்துபோகாமல் காப்பதற்கான உபாயம் அது. கூரையோ செங்குத்தாக ஏறி, முகட்டிலிருந்து கீழே வருகையில் சாய்வு தணிந்து, தூண்களுக்கு வெளியே வெகுதூரம் நீண்டு, மழையைத் தளத்துக்கு அப்பால் எறியும். இவ்வளவும் ஆணியால் அறையப்படுவதில்லை. துளையும் கழுந்தும் மர ஆப்புமாகவே பொருத்தப்படும். ஆகையால் ஒரு மண்டபத்தையோ ஒரு வீட்டையோ கழற்றி, படகிலேற்றி, வேறோர் ஊரில் மறுபடி கோப்பது அந்த நாட்டில் ஆச்சரியமான காரியமன்று. பாங்கொக்கில் இன்று யாத்திரிகர்கள் வரிசையில் நின்று பார்க்கும் ஜிம் தொம்சன் என்பவரின் வீடு, பல இடங்களிலிருந்து கழற்றிக் கொணர்ந்த ஆறு பழைய தேக்கு வீடுகளைச் சேர்த்து 1959இல் முடிக்கப்பட்டது.

கூரை நுனிகளில் பறவையின் கழுத்தைப்போல வானை நோக்கி வளையும் அலங்காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சோபா’ என்று அவர்கள் சொல்லும் அந்தச் சிகர உறுப்பு விகாரைகளுக்கும் அரச மாளிகைகளுக்கும் உரியது. குடியானவன் தன் வீட்டுக்கு அதை வைத்துக்கொள்வது சம்பிரதாயமன்று. சாதாரண வீட்டுக் கூரையின் ஓரப்பலகை, கீழ்நுனியில் சற்றே மேல்நோக்கி வளைந்து, அத்தோடு நிற்கும். பௌத்தர்கள் நிறைந்து வாழும் கண்டிச் சீமையில், கோயிலுக்குரிய சின்னத்தைத் தேநீர் அருந்தும் இடத்தின் தலையில் வைப்பது அயலவர் மனத்தை நோகச் செய்யக்கூடும்; அதை விட்டுவிடுவதே மரியாதை.

சயாமின் மண்டபங்கள் இடம்விட்டு இடமும் கடல் கடந்தும் போன சரித்திரம் சுவையானது. அதில் ஐந்தாம் இராமர் எனப்படும் சுலாலங்கோர்ன் மன்னரின் பெயர் அடிக்கடி வரும். அவர் விஜயம் செய்வதை முன்னிட்டு 1890இல் அந்நாட்டிலேயே கடலோர மலையொன்றிலுள்ள பிரயா நக்கோன் குகைக்குள் ஒரு மண்டபம் எழுந்தது. பாங்கொக்கில் செய்த உறுப்புகளை அந்த மலைக்குக் கொண்டுபோய், குகையின் உச்சித் துவாரம் வழியாக வெயில் விழும் இடத்தில் கோத்து நிறுத்தினார்கள். பின்னர் 1907இல் ஜேர்மனியின் பாட் ஹோம்பர்க் நகரில் நீர்ச்சிகிச்சை பெற்று நலமடைந்த அம்மன்னர், நன்றியறிதலாக அந்நகரத்துக்கு ஒரு சாலாவை வழங்கினார்; அவர் 1910இல் மறைந்த பின்னரே, 1914இல், அது அங்குள்ள பூங்காவில் திறந்துவைக்கப்பட்டது. நம் காலத்தில், பனி உறையும் அமெரிக்க நகரமான மெடிசனின் ஒல்பிரிக் தாவரப் பூங்காவுக்கும் 2001இல் ஒரு மண்டபம் போய்ச் சேர்ந்தது. தாய்லாந்தில் ஒருமுறை முழுமையாகக் கட்டிப் பார்த்து, பிரித்து, கப்பலேற்றி, அந்நாட்டுத் தச்சர்களே வந்து மறுபடி கோத்த மண்டபம் அது.

இதே சுலாலங்கோர்ன் மன்னர் கண்டிக்கும் வந்தவர்தாம். 1897இல் ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் இலங்கையில் இறங்கி, தலதா மாளிகையில் புனித தந்தத்தைத் தரிசித்தபோது, அதைத் தம் கையால் எடுத்துப் பார்க்க விரும்பினார். பாதுகாவலர்கள் அதற்கு இசையவில்லை. மன்னர் மனத்தாங்கலோடு புறப்பட்டுவிட்டார். சுகமளித்த ஜேர்மன் நகரத்துக்குச் சாலா கிடைத்தது. மறுத்தனுப்பிய கண்டிக்குக் கிடைக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கண்டிக்கும் சயாமுக்கும் உள்ள உறவு அதைவிட நெடியது. இந்நாட்டில் பிக்குகளின் உயர்நிலைத் துறவேற்பான உபசம்பதைப் பரம்பரை அற்றுப்போயிருந்த காலத்தில், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னனின் வேண்டுகோளுக்கிணங்கி, உபாலி தேரரும் உடன் பிக்குகளும் டச்சுக்காரரின் கப்பலேறிச் சயாமின் அயுத்தியாவிலிருந்து வந்து, 1753இல் அந்தப் பரம்பரையைக் கண்டியில் மீண்டும் நிலைநாட்டினர். மல்வத்தை, அஸ்கிரிய என்னும் இரு பீடங்களும் இன்றும் சயாம் நிகாயம் என்றே வழங்குவது அதனால்தான். ஏழு ஆண்டு கழித்து, அதே மன்னனைக் கொன்று சயாம் இளவரசன் ஒருவனைச் சிம்மாசனம் ஏற்றுவதற்காக, மல்வத்தை விகாரையில் அவன் அமரவேண்டிய ஆசனத்தின்கீழ்க் குழி பறித்துக் கூரிய முளைகளை நட்டுவைத்த சதி ஒன்றும் நடந்தது. மன்னன் தப்பினான், சதிகாரர் பிடிபட்டனர்.

இப்படிப்பட்ட உறவுடைய இந்தச் சீமையில் சாலாவின் வடிவம் அந்நியமானதாகத் தோன்றாததற்குக் காரணம் உறவு மட்டுமன்று. மழையும் வெயிலும் ஒரேவிதமாக அடிக்கும் தேசங்களில் தச்சர்கள் ஒரேவிதமான முடிவுகளுக்கு வந்து சேர்கிறார்கள். சிங்கள மக்கள் அம்பலம் என்று சொல்லும் வழிமண்டபங்கள் கண்டி இராச்சியத்தின் பழைய பாதைகள் தோறும் இருந்தன. மூட்டை சுமந்து நடந்தவனும், இராசகாரியத்துக்குப் போனவனும், வியாபாரியும், யாசகனும் அவற்றில் தங்கி இளைப்பாறினர். ஊர் வழக்குகளும் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. கடுகன்னாவைக் கணவாயில் பழைய வீதியோரமாக அத்தகைய ஒன்று இன்றும் நிற்கிறது. நம்மவர் இதை அறியாதவர் அல்லர். பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடி மடம் இதே தர்மத்தின் கற்கட்டட வடிவம்.

அம்பலங்களுள் நாரம்மலைப் பக்கத்துக் கரகஹகெதரவில் உள்ளதைத் தச்சுத்தொழில் அறிந்தவர் ஒருவர் பார்த்தால் எளிதில் அகலமாட்டார். அதற்குத் தோண்டிய அஸ்திவாரம் கிடையாது. மூலைக்கொன்றாகப் பெரும் பாறைக்கற்களை இட்டு, அவற்றின்மீது பருத்த விட்டங்களைப் படுக்கவைத்து, மூலைகளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவ்வவிட்டு, அந்த விட்டங்களின்மேல் தூண்களை நாட்டியிருக்கிறார்கள். அதே விட்டந்தான் உள்ளே வருபவன் அமரும் திண்ணையும் ஆகிறது. மரம் மண்ணைத் தொடவே இல்லை. கறையான் ஏறவேண்டுமானால் வெறும் கல்லின்மேல் எல்லோரும் காண மண்பாதை கட்டிக்கொண்டுதான் ஏறவேண்டும், அதைக் கண்டவன் துடைத்துவிடுவான். பக்கத்திலுள்ள பனாவிட்டிய அம்பலமும் இந்த முறையைச் சேர்ந்ததே; உருவில் சிறியது, ஆயினும் அதன் தூண்களில் செதுக்கு வேலை செழித்திருக்கிறது.

கண்டிக்கு அருகே, உடுநுவரையிலுள்ள எம்பெக்கை தேவாலயத்தின் மேளமண்டபத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. கம்பளை அரசர் காலத்ததாக, பதினாலாம் நூற்றாண்டின் பிற்பாதிக்குரியதாகக் கூறப்படும் அந்தத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், தூண்களில் செதுக்கிய அன்னத்தையும், மல்லரையும், தாய் சேய் உருவத்தையும், இருதலைக் கழுகையும் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தச்சருக்கு அதைவிடப் பெரிய அதிசயம் தலைக்குமேலே இருக்கிறது. கூரையின் முனைப்பக்கத்தில் விசிறிபோல் விரிந்துவரும் இருபத்தாறு கைமரங்களின் தலைகளையும் ஒரே ஒரு மர ஆணி சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘மடொல் குருபாவ’ என்று அதற்குப் பெயர். அயுத்தியாத் தச்சன் ஒருவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், பாஷை தெரியாமலே அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். கண்டி நகருக்குள்ளேயே, இராஜாதி இராஜசிங்கன் 1783இல் கட்டத் தொடங்கியதும், 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை நடந்தேறியதுமான மகுல் மடுவ இருக்கிறது. நாற்புறமும் திறந்த அந்தச் சபாமண்டபத்தின் தூண்களையும், கூரை தலைப்பில் செங்குத்தாகவும் கீழே தணிந்தும் இருபடியாக இறங்கும் பாங்கையும் பார்த்தவர், சயாம் கூரையைப் பார்த்து அதிசயிக்கமாட்டார்.

இனி, அலவத்துகொட முற்றத்துக்கு வருவோம்.

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சரிவின் விளிம்பில் மண்டபம் நின்றால் காட்சி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சரிவை வெட்டிச் சமப்படுத்தி, வெட்டிய மண்ணையே விளிம்பில் கொட்டி, அந்த நிரப்பு மண்ணின்மீது தூணை நிறுத்துவது ஆபத்தை அழைப்பதாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் எத்தனை மண்சரிவுகளைக் கண்டதென்பதை இந்தப் பகுதியாருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட வேலைக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுவது வழக்கம். பிரதேச சபையில் விசாரித்து, சிறு மண்டபந்தானே என்று எண்ணாமல், ஆலோசனை பெற்றுக்கொள்வது நன்று. சரிவை வெட்டாமல், கீழ்ப்பக்கத் தூண்களை நீளமாகவும் மேல்பக்கத் தூண்களைக் குட்டையாகவும் வைத்துத் தளத்தைச் சமன்செய்வதே தூண்மேல் நிற்கும் கட்டடத்தின் பெரிய வசதி. அந்த வசதியை வைத்துக்கொண்டே சரிவை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

தூணின் அடி அடுத்த விஷயம். மரத்தூணை மண்ணில் புதைப்பதும் கொங்கிறீற்றுக்குள் முழுக வைப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் நீர் தேங்கி, தரைமட்டத்தில் மரம் உளுத்துப்போகும். சயாம் அரசர்களே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறார்கள்: பாங் பா இன் அரண்மனைத் தடாகத்தின் நடுவே 1876இல் எழுந்த புகழ்பெற்ற மண்டபத்துக்கு முதலில் மரத்தூணும் மரத்தளமுமே இருந்தன, பிற்காலத்தில் ஆறாம் இராமர் அவற்றை எடுத்துவிட்டுக் கொங்கிறீற்றில் அமைக்கச் செய்தார். வீட்டு மண்டபத்துக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. உறுதியான மண் வரும்வரை தோண்டிக் கொங்கிறீற்றுப் பாதம் இட்டு, அதன்மேல் முழங்காலளவு கருங்கல் நிறுத்தி, கல்லின் நடுவில் பதித்த ஓர் இரும்புக் குச்சி தூணின் அடித்துளைக்குள் ஏறும்படி வைத்தால் போதும். தூண் கல்லின்மேல் நிற்கும். காற்று அதை நகர்த்தாது. ஈரம் வந்தாலும் உலர்ந்துவிடும்.

மரத்தைப் பற்றிச் சொல்லும்போது தாய்லாந்தின் நிலையையும் அறிந்திருக்க வேண்டும். 1988 நவம்பரில் அந்நாட்டின் தென்பகுதியில் பெய்த பெருமழையில், காடழிந்த மலைகளிலிருந்து சேறும் வெட்டிய மரங்களும் ஊர்களின்மேல் பாய்ந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதைத் தொடர்ந்து 1989 தொடக்கத்தில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் தடைசெய்தது. எனவே இன்று ‘பழைய சயாம் தேக்கு’ என்று யாரேனும் விலை சொன்னால், அது இடித்த வீட்டின் மரமா, தோட்டத் தேக்கா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று கேட்பது அவசியம். மரம் சட்டப்படி வந்ததென்பதற்கான பத்திரத்தையும் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்கவேண்டாம். அதுமட்டுமன்று, கப்பலில் வரும் மண்டபத்தோடு அதைக் கோக்கத் தெரிந்த கை வருவதில்லை. எண் எழுதிய துண்டுகளும், புரியாத பாஷையில் ஒரு படமும் கொண்டு உள்ளூர்த் தச்சுப் பாஸ் முற்றத்தில் திகைத்து நின்று, கடைசியில் துளைக்குள் ஏறாத கழுந்தை உளியால் தட்டிச் சிறிதாக்கி, ஆணியால் அறைந்து முடிக்கும் காட்சி நல்ல காட்சியன்று.

நமது மரக்காலைகளில் தேக்கும் உண்டு, முதிரையும் உண்டு, பலாவும் உண்டு. வைரமேறிய பலாவின் பொன்னிறம் ஆண்டுகள் செல்லச்செல்லத் தேன்நிறமாக இருண்டு வருவதைப் பழைய கண்டி வீடுகளின் கதவுகளில் பார்க்கலாம். மண்டபத்துக்கு அதைவிட அழகிய மரத்தை நான் அறியேன். ஆனால் தோட்டத்தில் நிற்கும் பலாதானே என்று கோடரியை எடுத்துவிடாதீர்கள். 1951ஆம் ஆண்டு மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும். மரத்தை ஏற்றிச் செல்லவும் பத்திரம் வேண்டும். வெட்டிய மரத்தை ஈரத்தோடு இழைத்துக் கோப்பதும் தவறு. உலர்கையில் கழுந்து சுருங்கி, ஆப்பு இளகி, ஆணியில்லாக் கட்டடம் ஆட்டங்காணும்.

கூரையை வேய்வதற்குத் தாய்லாந்துக் கிராமத்தார் புல்லையும் ஓலையையும், வசதியுள்ளோர் மரத்தகட்டையோ சுட்ட ஓட்டையோ உபயோகிப்பர். இங்கே இலுக்குப் புல் வேய்ந்தால் குளிர்ச்சி மிகும். எனினும் மலைநாட்டு ஈரத்தில் அது சீக்கிரம் மக்கும், சில ஆண்டுக்கொருமுறை மாற்ற ஆளும் கிடைப்பதில்லை. பழைய கண்டிக் கட்டடங்களில் காணும் சிறு தட்டை ஓடு செங்குத்தான சாய்வுக்கு மிகவும் பொருந்தும். கிடைக்காதவர் கள்ளிக்கோட்டை ஓட்டைப் போடலாம், ஆனால் மேற்சாய்வில் ஒவ்வோர் ஓட்டையும் ரீப்பையோடு கம்பியால் கட்டிவிடவேண்டும். குரங்குகள் வரும் தோட்டமானால் இந்தக் கட்டு இரட்டிப்பு அவசியம். கண்டிக் குரங்குக்கு ஓடு கழற்றுவதில் உள்ள உற்சாகம் வேறெதிலும் இல்லை. இறவாரம் தூணிலிருந்து மூன்றடியாவது வெளியே நீளட்டும். வாடைக்காற்றுக் காலத்து மழை நேராக விழாமல் சாய்ந்தடிப்பதால், அந்தப் பக்கத்தில் மட்டும் இன்னும் சற்று நீட்டி, மூங்கில் தட்டி ஒன்றைச் சுருட்டித் தொங்கவிட்டால், வேண்டியபோது இறக்கிக்கொள்ளலாம். பீலி வைப்பது கூரையின் விளிம்பழகைக் கெடுக்கும். அதற்குப் பதிலாகச் சொட்டும் கோட்டில் கூழாங்கல் பரப்பி ஒரு சிறு வாய்க்கால் ஓடவிட்டால் தண்ணீர் சரிவை அரிக்காமல் போகும்.

அளவைப் பொறுத்தமட்டில், பத்தடிக்குப் பத்தடி தளம் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். தளத்தின் உயரம் ஒன்றரை அடி இருந்தால், விளிம்பிலே உட்கார்ந்து காலைத் தொங்கவிட வசதியாக இருக்கும். நாற்காலி தேவையில்லை, பாய் போதும். அதற்குமேல் உயர்த்தினால் படியும், சிறு பிள்ளைகளுக்காகக் கைப்பிடியும் வேண்டியதாகும். கைப்பிடி வைத்தவுடன் ஊஞ்சலும், ஊஞ்சல் வைத்தவுடன் கண்ணாடிச் சன்னலும் என்று ஆசை வளர்ந்து, திறந்த மண்டபம் இன்னோர் அறையாக முடிந்துவிடும். அப்படி முடிந்த மண்டபங்கள் பல.

ஆகவே என் தீர்ப்பு இது: சயாமிலிருந்து கருத்தை வாங்குங்கள், மரத்தை வாங்காதீர்கள். உள்சாய்ந்த தூணும், செங்குத்துக் கூரையும், நீண்ட இறவாரமும், நாற்புறமும் திறந்த தளமும் அவர்களுடையனவாக இருக்கட்டும். கல்லும் பலாவும் ஓடும் கைவேலையும் இந்த மண்ணினுடையனவாக இருக்கட்டும். முடியுமானால் அதை வீட்டின் பின்புறத்தில் ஒளிக்காமல் படலைக்கு அருகே அமையுங்கள். மழைக்கு ஒதுங்க வரும் அயலவருக்கும் அதில் இடம் இருக்கும். வேலையைத் தொடங்குமுன் ஒருநாள் உங்கள் தச்சுப் பாஸையும் அழைத்துக்கொண்டு எம்பெக்கைக்குப் போய்வாருங்கள். அந்தக் கிராமத்தில் மரச்செதுக்கு வேலை செய்வோர் இன்றும் இருக்கிறார்கள். தூணுக்கும் போதிகைக்கும் அவர்களிடமே விலை பேசலாம்.